ஆறாம் எண்ணில் சிக்கிய சர்வர்

அன்பு நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். தீபாவளி வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை என்று தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகனிடம் நீ குறைபட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சென்ற வாரம் எங்கள் செம்பனை எண்ணெய் ஆலை சர்வர் அடித்த கூத்தைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் மாலை இடியை நீ மறந்திருக்க மாட்டாய். மின்சாரம் போய்த் திரும்பியதும் சர்வர் எழுந்தது; எழுந்த கையோடு படுத்தது; மறுபடியும் எழுந்தது. பழக்குலை லாரிகள் எடை மேடைக்கு முன்னால் வரிசைகட்டி நிற்க, குலை தேங்கினால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று ஆலைக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்க, நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடி தாக்கிவிட்டது என்றுதான் எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் இயந்திரத்தை முதலில் எழுப்பும் பயாஸ் தன் சோதனையைக் குறையில்லாமல் முடித்தது. வட்டின் முதல் 512 பைட்டைப் பிடித்துக்கொண்டு, இயங்குதளத்தை ஏற்றிவிடும் கிரப் வந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏறி, ரூட் என்னும் அடிப்படைக் கோப்பு முறைமையை இணைத்து, மற்றச் சேவைகளையெல்லாம் கிளப்பும் முதலாம் எண் புரோசஸாகிய இனிட்டையும் கிளப்பிவிட்டது. இத்தனையும் சரியாகச் செய்கிற இயந்திரத்தின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ அந்த வரி கண்ணில் பட்டது: ரன் லெவல் 6-க்குள் நுழைவதாக இனிட் அறிவித்துக்கொண்டிருந்தது. இயந்திரம் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் எண்தான் ரன் லெவல்; 6 என்றால் அணைந்து மறுபடியும் எழு என்று பொருள்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சில மாதங்களுக்கு முன் வெளியிலிருந்து வந்த ஒரு பையன், ஆலை சர்வருக்குப் படத்திரை எதற்கு என்று, எழுந்ததும் எந்த எண்ணுக்குப் போவது என்று சொல்லும் இனிட்டேப் கோப்பின் இனிட்டிஃபால்ட் வரியில், படத்திரைக்கான 5-ஐ வெறும் எழுத்துத்திரைக்கான 3 ஆக்கப் போயிருக்கிறான். கீபோர்டின் வலப்பக்க எண்பலகையில் 3-க்கு நேர் மேலே இருப்பது 6. அந்த வரிக்குச் சற்று மேலேயே, இயந்திரத்தை நிறுத்திவிடும் 0-ஐயும் 6-ஐயும் இங்கே வைக்காதே என்று ரெட் ஹேட்காரர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதை யார் படிக்கிறார்கள்? அதன்பின் சர்வரை யாரும் அணைக்காததால் தவறும் அதுவரை தூங்கியது.

கிரப் திரையில் நிறுத்தி, கெர்னல் வரியின் கடைசியில், பழுதுபார்க்கும் ஒற்றையாள் நிலைக்கான சிங்கிள் என்ற சொல்லைச் சேர்த்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் இனிட் கோப்பில் உள்ள எண்ணைப் பொருட்படுத்துவதில்லை அல்லவா? எங்களுடையது ரெட் ஹேட்டின் மூலத்திலிருந்தே உருவான பழைய சென்ட்ஓஎஸ் 5. கடவுச்சொல்கூடக் கேட்காமல், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக உள்ளே விட்டது. எண்ணைத் திருத்தினேன், லாரிகள் நகர்ந்தன. ஆனால் கீபோர்டைத் தொடக்கூடிய எவனும் ராஜா என்பதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே கடவுச்சொல் கேட்கவைக்கும் சுலாகின் வரியைச் சேர்த்துவிட்டு, அறைக்குப் பூட்டும் வாங்கச் சொன்னேன்.

அதன் பிறகு அலுவலகப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: 5-லிருந்து 3-க்குப் போக 4-ஐத் தாண்ட வேண்டாமா? தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிடும் பெரட்டுக்களத்தை வைத்தே விளக்கினேன். அன்றைய பட்டியலில் இல்லாதவர்களை மேற்பார்வையாளரான மண்டோர் முதலில் அனுப்பிவிட்டு, பிறகு வரிசைப்படி பெயர் கூப்பிடுவார். ரன் லெவல் 3-க்கான ஆர்சி3 அடைவிலும் கே எழுத்தில் தொடங்கும் இணைப்புகள் முதலில் நிறுத்தப்படும், எஸ் எழுத்தில் தொடங்குபவை எண் வரிசையில் கிளம்பும். நெட்வொர்க்குக்கு 10, பதிவேடு எழுதும் சிஸ்லாகுக்கு 12, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு 55, எங்கள் எடை நிரலுக்கு 99. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை யாரும் தொடுவதில்லை. 4 என்ற அடைவின் பக்கமே யாரும் போவதில்லை. இந்த எண்களுக்கு இயங்குதளம் என்னும் ஊருக்கு ஊர் வேறு பொருள் என்பதையும் சொல்லி வைத்தேன்: டெபியனின் பழைய இனிட்டில் 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றே, சோலாரிஸில் 5 என்று தட்டினால் இயந்திரமே அணைந்துவிடும், பிஎஸ்டி வகைகளில் இந்த ஏற்பாடே கிடையாது.

இனிட்டின் இடத்தைப் பிடித்த சிஸ்டம்டி வந்தபின்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று நீ கேட்பாய். 2014-இல் ரெட் ஹேட் 7 வந்தபோது நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறது. சேவைகளை ஒரே நேரத்தில் கிளப்பி வேகமாக எழும் என்றாய். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ எழும் சர்வருக்கு வேகம் எதற்கு என்றேன். அந்த எண்ணத்தில் எனக்கு மாற்றமில்லை. ஓர் அடைவைப் பட்டியலிட்டாலே முழு வரிசையும் கண்ணுக்குத் தெரிந்த வசதிக்கு, ரன் லெவலுக்குப் பதிலாக வந்த உன் டார்கெட்டுகள் ஈடாகாது.

ஆனால் நிர்வாகம் புதிய சர்வருக்கு ஒப்புக்கொண்டுவிட்டது; அதில் சிஸ்டம்டிதான். பழைய 3-க்கு நிகரான மல்டி-யூசர் டார்கெட்டை இயல்பாக வைக்கப் போகிறேன். எடை நிரல் கிளம்பும்போது நெட்வொர்க் உண்மையிலேயே தயாராக இருக்க வேண்டும். நெட்வொர்க் டார்கெட்டுக்குப் பின் என்று மட்டும் எழுதினால் அது உறுதியில்லை என்பது வரைக்கும் படித்துவிட்டேன். நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்கு வான்ட்ஸ் (அதையும் கிளப்பு), ஆஃப்டர் (அதற்குப் பின் கிளம்பு) இரண்டு வரியும் போட்டு, சேவையை விவரிக்கும் யூனிட் கோப்பு எழுதி இத்துடன் அனுப்புகிறேன். திருத்தி அனுப்பு, கேலியைத் தனித்தாளில் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்