தரையை உடைக்கும் முன் வெறுங்காலோடு நடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலிலிருந்து இரண்டு வயல் தள்ளி எங்கள் வீடு. கட்டி ஒன்பது வருசம் ஆகிறது. போன ஐப்பசியில் தொடங்கி தை வரைக்கும் எங்களைப் படாத பாடு படுத்திய ஒரு கசிவைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே இப்போது மூன்று வீடு புதிதாக எழும்புகிறது. அவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது சுவர். குளியலறைக்கு வெளியே நடையில், தரையை ஒட்டிய டைல்ஸ் பட்டைக்கு மேலே பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. பார்த்தவர்கள் எல்லோரும், "வாய்க்கால்ல தண்ணி ஓடுதில்லீங்க, ஊத்து அடிக்குது" என்றார்கள். நாங்களும் நம்பினோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணறு மேலே வருவதும், சுவரில் ஓதம் ஏறுவதும் இந்தப் பக்கம் வழக்கம்தானே.

அப்புறம் கரண்டு பில் வந்தது. வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஓடும் வீட்டில் 590 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு என்பதால் தொகையைப் பார்த்து வீட்டுக்காரர் மீட்டரில்தான் கோளாறு என்றார். ஒரு வேளை ஓட்டிய போர் மோட்டாரை இரண்டு வேளை ஓட்டுகிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃப்ளஷ் தொட்டி ஒழுகுகிறதோ என்று அதற்குள் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து வைத்தேன். விடியும்வரை கோப்பையில் நீலம் இறங்கவில்லை. குழாய்கள் எல்லாம் நன்றாகத்தான் மூடியிருந்தன.

வீடு கட்டித் தந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஐந்து நிமிசம் நின்று பார்த்துவிட்டு, குளியலறைத் தரையும் சுவரும் மொத்தமாக உடைத்து, தண்ணீர் கசியாத பூச்சு அடித்து, புது டைல்ஸ் போட வேண்டும், 85,000 ரூபாய் ஆகும் என்றார். எங்கே ஒழுகுகிறது என்று அவர் தேடவே இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அதுதான். பொங்கல் கழிந்ததும் உடைக்கலாம் என்று நாள்கூடக் குறித்துவிட்டோம்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 84 வயசு. மத்தியானம் எப்போதும் ஆசாரத்தில்தான் (வீட்டுக் கூடம்) பாய் போட்டுப் படுப்பார். கார்த்திகை பிறந்ததிலிருந்து பாயை நடைக்கு மாற்றிக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இந்த எடம் வெதுவெதுன்னு இருக்குது அம்மிணி, காலுக்கு எதமா இருக்குது" என்றார். வயசானவர், ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மார்கழி விடிகாலை ஒன்றில், நாலரை மணி இருக்கும், கோலம் போட எழுந்து விளக்குப் போடாமலே நடை வழியாக வந்தேன். செருப்பில்லை. தரை சில்லென்று இருந்தது. குளியலறைக் கதவுக்கு முன்னால் வந்ததும் பாதத்துக்குக் கீழே சூடு. ஒரு அடி எடுத்து வைத்தால் மறுபடி குளிர். பின்னால் வந்தால் சூடு. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு யாரும் வெந்நீர் திறக்கவில்லை. ஏழரை மணி நேரம் சும்மா கிடந்த குழாய் ஆறிப் போயிருக்க வேண்டாமா? ஊற்றுத் தண்ணீர் என்றைக்காவது சுடுமா? மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து இறங்கி நடைத் தரைக்கடியில் போகும் குழாயில் தண்ணீர் ராப்பகலாக ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும்தான் அந்தச் சூடு நிற்கும்.

அன்றைக்கு ராத்திரியே சோதித்தோம். பத்து மணிக்கு மேல்தொட்டிக்குள் மூங்கில் குச்சியை விட்டு நீர் மட்டத்தை அடையாளம் செய்தார் வீட்டுக்காரர். யாரும் ஒரு சொட்டுகூடத் திறக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு நாலு விரல்கடை இறங்கியிருந்தது. எங்கள் 1,000 லிட்டர் தொட்டியில் அது ஏறக்குறைய 65 லிட்டர். ஒரு நாளைக்கு 220 லிட்டர். அடுத்த ராத்திரி, மேல்தொட்டியிலிருந்து சோலாருக்குப் போகும் வால்வை மட்டும் மூடினோம். காலையில் மட்டம் அப்படியே நின்றது. கசிவு வெந்நீர்ப் பக்கம்தான் என்பது அதோடு முடிவாயிற்று. (இதைச் செய்பவர்கள் சோலாரின் கரண்டு சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். பொழுது விடியும் முன் வால்வைத் திறந்துவிடுங்கள். வெயிலில் தண்ணீரில்லாமல் காய்ந்த கண்ணாடிக் குழாயில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் விரிசல் விட்டுவிடும்.)

கரண்டு பில்லுக்கும் கணக்கு அப்போதுதான் புரிந்தது. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேற்ற ஒரு யூனிட் வேண்டும். வெயில் நாளில் அந்தச் செலவைச் சூரியன் ஏற்றுக்கொள்கிறது. ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் சோலார் தொட்டிக்குள் இருக்கும் கரண்டு காயில்தான் வேலை செய்கிறது. வெந்நீரைக் காய்ச்சிக் காய்ச்சி மண்ணுக்குள் ஊற்றியிருக்கிறோம்.

இடம் கண்டுபிடிக்க வீட்டுக்காரர் தன் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து நடையில் விரித்தார். அரை மணி நேரத்தில் ஒரு முறத்தளவு மட்டும் உலர்ந்து வெளுத்தது, சுற்றிலும் ஈரம். அங்கேயே உடைக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமங்கலத்திலிருந்து வந்த பிளம்பர் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "சூடு தெரியற எடத்துலயே ஓட்டை இருக்கோணும்னு இல்லீங்கம்மா. டைல்ஸுக்கு அடியில மணல்ல சரிவு பாத்துத் தண்ணி போகுமுங்க" என்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து ஒவ்வொரு டைல்ஸாகக் கேட்டார். வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, எல்லோரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். வேட்டி உலர்ந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, சுவரோரம் வந்ததும் என்னையும் கேட்கச் சொன்னார். அரிசி களையும்போது வருமே, அந்த மாதிரி மெல்லிய சத்தம்.

இரண்டே டைல்ஸ் எடுத்தார். அடியில் மணல் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. குழாய் திரும்பும் எல்போவில் கசிவு. வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். குழாய் எல்போவுக்குள் முழுசாகப் போகவே இல்லை. பாதிக்கு மேல் பசை பட்ட தடமே கிடையாது. ஒன்பது வருசமும் அந்த அரை விரல் பிடிப்பில்தான் நின்றிருக்கிறது. வெந்நீர்க் குழாய் சூட்டில் நீண்டு, ஆறியதும் சுருங்கும். 10 மீட்டர் சிபிவிசி குழாய் (வெந்நீருக்கென்றே வரும் பிளாஸ்டிக் குழாய்) 40 டிகிரி சூடேறினால் இரண்டரை சென்டிமீட்டர் நீளும் என்று அவர் விரலை விரித்துக் காட்டினார். தினம் தினம் அந்த இழுப்பைத் தாங்க ஒட்டு சரியாக இருக்க வேண்டாமா?

மொத்தச் செலவு 2,800 ரூபாய். வீடு கட்டியபோது மிஞ்சிய நாலு டைல்ஸைப் பரணில் போட்டு வைத்திருந்தோம், அதுவும் கை கொடுத்தது.

வீடு கட்டுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குழாய் பதித்ததும் அவசரப்பட்டு டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றச் சொல்லி, இரண்டு மணி நேரம் அழுத்த மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பசையைச் சிபிவிசிக்குப் போட விடக்கூடாது, அதற்குத் தனிப் பசை இருக்கிறது. வெள்ளை பிவிசியை வெந்நீருக்கு ஒரு அடிகூட விடாதீர்கள், 60 டிகிரிக்கே இளகும். சித்திரை வெயிலில் சோலார் தண்ணீர் அதைத் தாண்டிப் போகும். சோலாரிலிருந்து இறங்கும் குழாயிலும் ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு வால்வு கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது இருந்திருந்தால் ஒரே ராத்திரியில் முடிந்திருக்கும்.

பிளம்பர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. தேடாமல் உடைக்கச் சொல்லாதீர்கள். ஒரு குடும்பம் நகையை அடகு வைத்து அந்தப் பணத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். நாங்கள் அதற்குத்தான் தயாராக இருந்தோம்.

தரையை மூடும் முன் அளவு டேப்பைக் குழாயின் மேல் நீட்டி வைத்து நாலு போட்டோ எடுத்தேன். சுவரிலிருந்து எத்தனை அடி, எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அதில் தெரிகிறது. அச்செடுத்து ஈபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அத்தை பாயை மறுபடி ஆசாரத்துக்கே கொண்டுபோய்விட்டார். ராத்திரியில் அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்