பேத்தியோடு பாஸ் மீன் பிடிக்கப் போகும் தம்பிக்கு

சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. ஆத்தாவும் நானும் நலம். இங்கே அறுப்பு முடிந்து, கண்மாயில் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது.

மார்ச் விடுமுறையில் உன் மகளை, என் பேத்தியை, அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் லேக் ஃபோர்க் ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாய். கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. காலண்டரைப் பார்த்து நாள் குறிக்காதே. தண்ணீரின் சூட்டைப் பார்த்துக் குறி. 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி ஏறும்போதுதான் பாஸ் மீன் முட்டையிடக் கரையோரம் வரும். இடையில் ஒரு குளிர்காற்று வீசினால் மறுபடி ஆழத்துக்கு இறங்கிவிடும். சில நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, மத்தியானத்துக்கு மேல் போ. பிள்ளைக்கும் குளிராது, மீனும் மேலே இருக்கும்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆழமில்லாத இடத்தில் ஆண் மீன் வாலால் மண்ணை விசிறி, தட்டு மாதிரி ஒரு பள்ளம் பறிக்கும். அதுதான் அதன் கூடு. பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்கத் தகப்பன்தான். எதிரில் எது விழுந்தாலும், பசி இல்லாவிட்டாலும், விரட்டப் பாய்ந்து கவ்வும். அதனால் அதைப் பிடிப்பது சுலபம். ஆனால் அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புளூகில் என்ற சின்ன மீன்கள் புகுந்து முட்டையைத் தின்றுவிடும். அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை விட்டுவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கூட்டில் நிற்கும் மீன் எந்த அளவாக இருந்தாலும் அதன் மேல் தூண்டில் வீசாதே, தம்பி. தண்ணீரின் பளபளப்பைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடியைப் பேத்திக்கு மாட்டிவிட்டு, அது சுற்றிச் சுற்றி வருவதைக் காட்டு. அதைப் பார்ப்பதற்கே அவ்வளவு தூரம் போகலாம்.

நம் கண்மாய் விராலும் இப்படித்தான். மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுகள் திரளாக மூச்சு வாங்க மேலே வரும்போது, அந்த இடம் மட்டும் பொடிப்பொடியாகத் துள்ளும். பெரிய விரால் அடியிலேயே நிற்கும். தவளையைக் கோத்து அதில் போட்டால் உடனே மாட்டும் என்று எல்லாருக்கும் தெரியும். உன் ஐயா, என் தகப்பனார், அந்தத் திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு மடைக்கு நடந்துவிடுவார். அவரிடம் நான் படித்ததை உன்னிடம் சொல்லிவிட்டேன், நீ அவளிடம் சொல்.

முதல் நாளே பாஸ்தான் வேண்டும் என்று நிற்காதே. சின்ன முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை போட்டு, புளூகிலைப் பிடிக்கவிடு. தக்கை அமுங்குவதைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு ஆசை வரும். முள் நுனியில் பின்பக்கம் திரும்பியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடு, கழற்றச் சுலபம். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடச் சொல். ஒரு மணி நேரத்தில் அவள் கல் பொறுக்கப் போனால் போகட்டும். கூப்பிடாதே. படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. அங்கே 13 வயதுக்குக் கீழ் அது சட்டம். 17 வயதுக்குக் கீழ் லைசென்ஸ் வேண்டாம், உனக்கு மட்டும் எடுத்துக்கொள்.

அடுத்த வருஷம் இதே விடுமுறைக்கு இங்கே வாருங்கள். பள்ளிக்கூடத்தில் கூட ஒரு வாரம் கேட்டுப் பார். சிங்கம்புணரி, திருப்பத்தூர் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றும் காலம். மீன்பிடித் திருவிழா வைத்தால் ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி சாமான்களோடு சனம் இறங்குவதை அவள் கரையில் நின்று பார்க்கட்டும். நம் ஊர்க் கண்மாயில் நானே அவளுக்குக் கெண்டை பிடிக்கச் சொல்லித் தருகிறேன். அயிரை கிடைத்தால் ஆத்தா குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள்.

பேத்தியின் உயரத்தை அளந்து எழுது. அவள் தூண்டிலுக்கு மூங்கிலை இப்போதே வெட்டி நிழலில் காயப்போட வேண்டும். பச்சைக் கம்பு அவள் கைக்குக் கனக்கும்.

இப்படிக்கு,
அப்பச்சி