உலக உருண்டை வேண்டாம், சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், கூட வைத்திருந்த செட் வரைபடமும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். நான் நலம். முழங்கால்தான் ஏணி ஏற விடமாட்டேன் என்கிறது. லைட் கட்டுகிற வேலையைப் பையன்களிடம் விட்டுவிட்டு, கீழே நின்று கத்துவதோடு சரி.

உங்கள் டிவி சேனலின் வட்டாரச் செய்திக்குப் புது செட் போடும் பொறுப்பை உன்னிடம் தந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். கேமரா பிடித்த கை செட் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னாய். கோபித்துக்கொள்ளாதே, வாசிப்பவருக்குப் பின்னால் எல்.இ.டி. திரையில் சுழலும் அந்த உலக உருண்டையை முதலில் எடுத்துவிடு. பக்கத்து ஊர்ப் பாலம் விரிசல் விட்ட செய்தியைச் சொல்கிறவருக்குப் பின்னால் கண்டங்கள் எதற்குச் சுற்ற வேண்டும்? வட்டாரச் செய்தியைப் பார்க்க உட்காருகிறவர் தன் ஊரைப் பார்க்கத்தான் உட்காருகிறார்.

தேசிய சேனல் மாதிரி தெரிய வேண்டும் என்று உன் மேலிடம் ஆசைப்படுவதும் புரிகிறது. 1999 மே மாதம் பிபிசி தன் செய்திகளுக்கெல்லாம் ஒரே முகம் கொடுத்தது. லாம்பி-நேர்ன் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்தது அது. வட்டாரச் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக அதே உடுப்பைப் போட்டுக்கொண்டன. தேசியச் செய்தி முடிந்த கையோடு வட்டாரச் செய்தி வரும்போது தரம் இறங்கிவிட்டதாகத் தோன்றக்கூடாது, அதில் தப்பில்லை. ஆனால் மேசையும் நிறமும் பொதுவானபின், இது எந்த ஊர்ச் செய்தி என்று சொல்லும் வேலை முழுக்கப் பின்னால் தெரிகிற காட்சியின் தலையில் விழுகிறது. அந்த இடத்தில்தான் நீ உருண்டையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய்.

முன்பெல்லாம் இதற்கு டியூராட்ரான்ஸ் போடுவார்கள், நினைவிருக்கிறதா? ஒளி ஊடுருவும் பெரிய படத்தை அச்சிட்டு, பின்னாலிருந்து விளக்கு கொடுப்பது. பார்க்க அருமையாக இருக்கும். ஒரே கஷ்டம், அந்த ஊரில் நேரமே நகராது. ராத்திரிச் செய்திக்கும் பட்டப்பகல் வெளிச்சம், கோடையிலும் ஆறு கரை புரண்டு ஓடும், இடித்துத் தள்ளிய கட்டடம் செய்தியில் மட்டும் நின்றுகொண்டிருக்கும். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு படம் வைத்து மாற்றியவர்களும் உண்டு.

அதனால் எல்.இ.டி. திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயரமான ஒரு கட்டடத்தின் மேல் ஒரு கேமராவை வைத்து, அந்த நேரத்து ஊரை அப்படியே திரைக்குக் கொண்டுவா. மழை பெய்தால் செய்தி வாசிப்பவருக்குப் பின்னாலும் மழை பெய்யட்டும். திரைக்கு இதைவிட நல்ல உபயோகம் வட்டாரச் செய்தியில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீ நாற்காலியைத் திரையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் போட்டிருக்கிறாய். அது சரிப்படாது. திரையில் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, கேமராவின் சென்சாரிலும் அப்படியே. இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது படத்தில் நெளிவு நெளிவாக அலை ஓடும். கேமரா மெல்ல ஜூம் போகிற அந்த விநாடியில் பார், பின்னால் சுவர் முழுக்க ஊர்ந்து போகும். புள்ளி இடைவெளி 2 மில்லிமீட்டர் என்றால் 2 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் போதும் என்று விற்கிறவர்கள் சொல்வது மனிதக் கண்ணுக்கான கணக்கு. கேமராவுக்கு அதை நம்பாதே. வாசிப்பவரைத் திரையிலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் முன்னால் கொண்டுவா. முகத்தில் ஃபோகஸ் வைத்தால் திரை தானாகக் கொஞ்சம் மங்கும், அலையும் அடங்கும். முதுகில் திரையின் வெளிச்சம் விழுவதும் குறையும்.

வெளிச்சத்தையும் பார்த்துக்கொள். திரையை முழுப் பிரகாசத்தில் விட்டால் முகம் கறுத்துவிடும். கடுமையாகக் குறைக்க வேண்டியிருக்கும். அப்படிக் குறைத்தால் மட்டமான பேனல்களில் இருட்டான நிறங்கள் திட்டுத் திட்டாகப் பிரியும். அதனால் வாங்குவதற்கு முன் குறைந்த வெளிச்சத்தில் ஓட்டிக் காட்டச் சொல், அதுவும் உன் கேமரா வழியாக. நிறமும் அப்படித்தான். பெட்டியிலிருந்து எடுத்ததும் திரை நீலம் தூக்கலாகவே இருக்கும். உன் விளக்குகள் பகல் வெளிச்ச நிறமான 5600 கெல்வினோ, மஞ்சள் தூக்கலான 3200 கெல்வினோ, அதற்குத் திரையை இழுத்துவர வேண்டும். விளக்கைத் திரைக்கு ஏற்றபடி மாற்றினால் முகம்தான் அடிபடும்.

அப்புறம் அந்த மேசை. முகப்பில் சேனல் பெயரைப் பெரிதாக வெட்டி ஒட்டியிருக்கிறாய். வாசிப்பவரை இடுப்புக்கு மேல் காட்டும் மிட் ஷாட்டில் மேசையின் மேல் விளிம்பு மட்டும்தான் ஃப்ரேமுக்குள் வரும். அதன் மேலும் தலைப்புப் பட்டி ஒன்று, ஓடும் செய்தி வரியான டிக்கர் ஒன்று, அவசரச் செய்தி என்றால் சிவப்பாக இன்னொன்று. அந்த எழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? தரையில் அளவெடுத்து செட் வரைவது எல்லோரும் செய்வது. நீ கேமராமேன், ஃப்ரேமிலிருந்து தொடங்கு. ஒருவர் மட்டும் உள்ள ஷாட், இருவர் ஷாட், செட் முழுக்கத் தெரியும் வைட் ஷாட் மூன்றையும் முதலில் வரைந்துகொண்டு பிறகு தச்சரைக் கூப்பிடு. பார்த்துப் பார்த்துக் கட்டுவதெல்லாம் வைட் ஷாட்டுக்கு, ஆனால் ஒளிபரப்பாகும் நேரமெல்லாம் மிட் ஷாட்டுக்குத்தான் போகிறது. தலைக்கு இரண்டு பக்கமும் தெரிகிற அந்தச் சின்ன இடம்தான் உண்மையில் உன் செட். உன் வரைபடத்தில் ஒரு தூண் சரியாக வாசிப்பவர் உச்சந்தலையில் முளைக்கிறது, ஒரு வெளிச்சக் கோடு அவர் கழுத்தை அறுக்கிறது. இரண்டையும் நகர்த்து. இப்போது துண்டு துண்டாக வெட்டி கைபேசிக்கும் அனுப்புகிறார்களே, அந்த நெட்டுக்குத்து ஃப்ரேமையும் ஒருமுறை வைத்துப் பார்.

மேசையின் மேல்பக்கம் கண்ணாடி வேண்டாம். மேலே இருக்கிற அத்தனை விளக்கும் அதில் தெரியும்.

தெருவைப் பார்த்த ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஊர் தெரிய அதைவிட நேரான வழி இல்லைதான். சிகாகோவில் ஏபிசி டிவியின் உள்ளூர் நிலையம் 2006-இல் ஸ்டேட் தெருவில் தரைத்தளத்திலேயே ஸ்டுடியோ போட்டது. 2007 டிசம்பரில் ஒருநாள் ராத்திரிச் செய்தி நேரலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு வேன் வந்து அந்த ஜன்னலில் மோதியது. நல்லவேளை, வாசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரைக் காட்டுவது என்றால் இந்த அளவுக்கா என்று நினைத்துக்கொண்டேன்! வேன் வராவிட்டாலும் வெயில் வரும். மேகம் ஒன்று கடந்தாலே உள்ளே கணக்கெல்லாம் மாறிப்போகும். கண்ணாடியில் இருட்டுத் தாள் ஒட்டிக்கொண்டும் உரித்துக்கொண்டும் இருக்க உன்னிடம் ஆள் இருந்தால் வை.

உன் இடத்துக்கு டொரோண்டோவின் சிட்டி டிவி செய்ததுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1977-இல் தொடங்கிய அவர்களுடைய சிட்டி பல்ஸ் செய்தியில் வாசிப்பவர் மேசைக்குப் பின்னால் சிறைப்படாமல் செய்தி அறையிலேயே நடமாடினார். 1987-இல் குயின் தெருக் கட்டடத்துக்குப் போனபின் வழக்கமான ஸ்டுடியோவே இல்லை, கட்டடம் முழுக்க செட்தான். உன் நிருபர்கள் உட்காரும் அறை பெரிதாக இருக்கிறது என்றாயே, அதையே பின்னணியாக வை. ஒரு சுவரில் மட்டும் சுமாரான அளவில் திரை, அதில் ஊர்க் காட்சி. ஒலிக்குக் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். கண்ணாடித் தடுப்பும் வெறும் சுவரும் எதிரொலிக்கும், கேமரா எட்டாத பக்கமெல்லாம் துணியும் பஞ்சுப் பலகையும் அடித்துவிடு. பின்னால் உட்கார்ந்திருப்பவர் காது குடையாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உன் பாடு.

அறையின் நீள அகலம், கூரைக்கு எவ்வளவு உயரம், தூண் எங்கே நிற்கிறது, ஏசி காற்று எந்தப் பக்கம் இறங்குகிறது, இவ்வளவையும் குறித்து அனுப்பு. எந்த லென்ஸ் வைத்திருக்கிறாய் என்றும் எழுது. மிட் ஷாட்டை நான் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரகு