கடாவுக்கு முன் கடன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மோசேயின் நியாயப்பிரமாணத்தை (மோசே வழியாக இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட சட்டத்தை) ஒழுக்கம், சடங்கு, நாட்டுச் சட்டம் என மூன்றாகப் பிரித்து, கிறிஸ்துவுக்குப் பின் முதலாவது மட்டுமே செல்லும் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். வேதம் தன் கட்டளைகளை அப்படி வகைபிரித்துத் தரவில்லை. 13-ம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் விரிவாக வகுத்தது அது. இங்கிலாந்தில் சீர்திருத்த சபையார் வகுத்த 1646-ன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் 19-ம் அதிகாரத்தில் அதையே பின்பற்றியது. படிக்க வசதியான பிரிவுதான். ஆனால் லேவியராகமம் 6:1-7-ஐ எதில் சேர்ப்பது?

அங்கே வரும் வழக்கு இது. நம்பி ஒப்படைத்த பொருளையோ கண்டெடுத்த பொருளையோ ஒருவன் அமுக்கிக்கொண்டு, 'என்னிடம் இல்லை' என்று பொய்யாணையும் இடுகிறான். பிறகு குற்றத்தை உணர்கிறான். அவன் முதல்தொகையை முழுதாகத் திருப்பி, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவனிடம் கொடுக்கவேண்டும். 100 சேக்கல் (அக்கால வெள்ளி அளவு) எடுத்திருந்தால் 120. அதுவும் குற்றநிவாரணபலி (குற்றம் நீங்கச் செலுத்தும் பலி) செலுத்தும் அதே நாளில், தள்ளிப்போட முடியாது. பிறகுதான் பலிக்கான பழுதற்ற ஆட்டுக்கடாவும் அதைச் செலுத்தும் ஆசாரியனும். கடாவைக் கொண்டுவந்தால் கடன் தீராது. கடனைக் கட்டிவிட்டேன் என்று கடாவை விட்டுவிடவும் முடியாது, பொய்யாணை கர்த்தருக்கே செய்த துரோகம்.

இதே ஆள் மாட்டிக்கொண்டு குற்றவாளி என்று தீர்ப்பானால் கணக்கு வேறு: யாத்திராகமம் 22-ன்படி இரட்டிப்பு, அதாவது 200. திருடிய மாட்டை விற்றாலோ அறுத்தாலோ ஒன்றுக்கு ஐந்து, ஆட்டுக்கு நான்கு. (ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொல்லக் கேட்டுக் கொதித்த தாவீது ராஜாவும் அதற்கு 'நாலத்தனை', அதாவது நான்கு மடங்கு, என்றுதான் தீர்ப்புச் சொன்னான். சட்டம் தெரிந்த கோபம்!) எண்ணாகமம் 5:7 அறிக்கையிடுதலை முதலில் வைப்பதால், தானே முன்வந்து ஒத்துக்கொள்பவனுக்குத்தான் இந்த ஐந்தில் ஒன்று என்று கொள்வதே பொருத்தம். உரியவன் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லை என்றால் தொகை ஆசாரியனுக்குப் போகும். எடுத்தவன் கையில் தங்காது.

கடா கிறிஸ்துவுக்கு முன்னடையாளம், அவருடைய சிலுவைப் பலியில் அது நிறைவேறிவிட்டது என்று பிரசங்கிக்கிறோம். சரிதான். ஆனால் கடாவோடு ஐந்தில் ஒன்றையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். நாட்டுச் சட்டங்கள் இஸ்ரவேல் ராஜ்யத்தோடு முடிந்தன என்று சொல்லும் அந்த விசுவாச அறிக்கைகூட, அவற்றிலுள்ள பொதுவான நியாயம் கோரும் அளவுக்கு அவை கட்டுப்படுத்தும் என்கிறது. வாசகர் அந்த வரியை விட்டுவிட்டார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மத்தேயு 5:23-24-ல் இயேசு சொல்வதும் இதே வரிசைதான். வரி வசூலிப்பவனான சகேயு, யாரும் வழக்குப் போடாமலே, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான்.

சபைப் பணத்தில் கைவைத்தவர் கண்ணீரோடு ஜெபித்தார், மன்னித்துவிட்டோம் என்று கமிட்டி கோப்பை மூடுவதற்கு முன், முதல்தொகை எவ்வளவு, யாருக்குச் சேரவேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கவேண்டும்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை