ஆல்டர்னேட்டரை இப்போது வாங்காதே

அன்புள்ள முரளி,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சபாபதி வழக்கம்போலக் கடைசி வாரத்தில்தான் அழைப்புப் பத்திரிகை அனுப்பியிருக்கிறான், நீயும் ஒரு பாட்டு திட்டிவிடு.

உன் மோட்டார்ஹோம் (பின்னால் வீடு கட்டின வேன்) விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற லெஷர் பேட்டரி ஒரே வருஷத்தில் இரண்டாவதும் போய்விட்டது, அடுத்து, என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரை மாற்றப் போகிறேன், ஈஸ்டருக்கு ஸ்காட்லாந்து கிளம்பணும் என்று எழுதியிருக்கிறாய். டேய், ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் பண்ணு. உன் 1998 ஃபியட் டுகாட்டோ சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆகிறது என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் முன்னால் இருக்கும் என்ஜின் பேட்டரிக்கு சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பின்னால் வீட்டுப் பகுதிக்குப் போகிற வழியில்தான் எங்கோ அடைப்பு. புது பேட்டரி போட்டதும் நாலைந்து மாதம் நன்றாக ஓடியது என்கிறாயே, அது சரியானதால் இல்லை. கடையிலிருந்து வந்த சார்ஜையும் அவ்வப்போது நீ கரண்ட்டில் போட்டதையும் வைத்து ஓடியிருக்கிறது. பாதி சார்ஜிலேயே கிடந்தால் தட்டுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, நல்ல பேட்டரியும் செத்துப்போகும். மூன்றாவது பேட்டரியும் அதே வழிதான் போகும்.

ஃபியட்டின் ஒயரிங் படத்தை நம்பி உட்காராதே. அது டிரைவர் கேபினோடு முடிந்துவிடும். பின்னால் இருப்பதெல்லாம் வீட்டைக் கட்டின கம்பெனி போட்ட ஒயரிங், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் அடிப்படை அநேகமாக ஒன்றுதான்: என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ண ஆரம்பித்ததும் அதன் டி பிளஸ் (D+) என்ற சிக்னல் முனையில் 12 வோல்ட் வரும், அது ஒரு ரிலேயை (கரண்ட் வந்தால் தானே மூடிக்கொள்ளும் சுவிட்ச்) இழுக்கும், ரிலே இரண்டு பேட்டரியையும் இணைக்கும். இன்னொரு ரிலே ஃபிரிட்ஜுக்கு. உன் வண்டி பழசாக இருப்பது இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். இப்போது வருகிற ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் என்றால் வோல்டேஜ் தானே ஏறி இறங்கும், இப்படி நேராக அளந்து எதையும் சொல்லிவிட முடியாது.

அளப்பதற்கு முந்தின நாள் ராத்திரி லைட்டெல்லாம் போட்டு லெஷர் பேட்டரியை 12.2 வோல்ட் அளவுக்கு இறக்கி வை. முழுசாக நிறைந்த பேட்டரி கரண்ட் இழுக்காது, கரண்ட் ஓடாத ஒயரில் எந்தக் கோளாறும் தெரியாது. காலையில் வெளி மின்சார கேபிளைக் கழற்று, சோலார் பேனல் மேல் ஒரு கனமான துணியைப் போடு, ஃபிரிட்ஜை அணை. சோலாரை மறந்துவிட்டால் 13 சொச்சம் காட்டி உன்னை நாள் முழுக்க ஏமாற்றும். கையில் இருக்கிற காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிடு, இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பிளஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் காப்பு மாட்டினால் ஒரு நொடியில் பழுத்துக் கையை வேக வைத்துவிடும்.

என்ஜினை வெளியில், திறந்த இடத்தில் ஓட்டி, நிமிஷத்துக்கு 1500 சுற்றில் வைக்கச் சொல்லித் தங்கச்சியை சீட்டில் உட்கார வை. முதலில் மல்டிமீட்டரால் என்ஜின் பேட்டரி முனைகளில் வோல்ட் அள. 13.8லிருந்து 14.4க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது, அதை விட்டுவிடு. பிறகு லெஷர் பேட்டரி முனைகளில் அள. இங்கேதான் வழி மூன்றாகப் பிரிகிறது.

12.2, 12.3 என்று அசையாமல் நின்றால் இணைப்பே இல்லை. முதலில் ஃபியூஸ். ஒன்று கிடையாது, பெரும்பாலும் இரண்டு: இரண்டு பேட்டரிக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, பேட்டரிப் பெட்டிக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். கண்ணால் பார்த்து நல்லது என்று விட்டுவிடாதே, வெளியே எடுத்து மீட்டர் வைத்துப் பார். ஹோல்டர் உருகிப் பழுப்பாகியிருந்தால் அதையும் மாற்று. ஃபியூஸ் நல்லதாக இருந்தால் ரிலே. அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். 85, 86 இரண்டும் சுவிட்சை இழுக்கிற காயில். 30, 87 இரண்டும் பேட்டரி கரண்ட் போகிற காண்டாக்ட். என்ஜின் ஓடும்போது 85க்கும் 86க்கும் நடுவில் 12 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா? வந்தும் 30க்கும் 87க்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் பெரிதாக நின்றால் ரிலேதான் போச்சு. வரவில்லை என்றால் ஒன்று டி பிளஸ் சிக்னல் இல்லை, அல்லது காயிலின் எர்த் (பாடியோடு சேர்கிற மைனஸ் இணைப்பு) போயிருக்கிறது. டி பிளஸ் ஒயரைத் தொட்டு எடுக்க அந்தக் காலத்தில் நீல நிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை அழுத்திவிடுவார்கள். ஈரம் உள்ளே போய்ச் செம்பு பச்சையாகி, இழை இழையாக அறுந்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு சால்டர் பண்ணி ஸ்லீவ் போடு. டாஷ்போர்டில் பேட்டரி விளக்கையும் பார்: சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் ஓடினதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் அந்த பல்பே போயிருக்கலாம், அது வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. ஃபிரிட்ஜ் ஓட்டத்தில் 12 வோல்ட்டில் வேலை செய்கிறதா என்று எழுதவே இல்லை நீ! ஃபிரிட்ஜும் இல்லை, சார்ஜும் இல்லை என்றால் முதல் சந்தேகம் டி பிளஸ் மேல்தான். ஃபிரிட்ஜ் ஓடி சார்ஜ் மட்டும் இல்லை என்றால் சார்ஜ் ரிலேயோ அதன் ஃபியூஸோ.

13, 13.2 என்று வந்தால் வழி திறந்திருக்கிறது, ஆனால் நெருக்கமாக இருக்கிறது. இதில்தான் நிறையப் பேர் தோற்றுப்போகிறார்கள். ஒயரைக் கழற்றி நுனியில் மீட்டர் வைத்தால் 14.2 முழுசாகக் காட்டும். உள்ளே ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் காட்டும். அடைத்த தண்ணீர்க் குழாயில் டேப்பை மூடி வைத்துக்கொண்டு பிரஷர் பார்ப்பது போலத்தான் அது. கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பை ஆல்டர்னேட்டரின் பெரிய பிளஸ் முனையிலும், கறுப்பை லெஷர் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வை (நீளமான ஒயர் ஒன்று இணைத்துக்கொள்). 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் துண்டு துண்டாகப் பிரி: ஃபியூஸின் இரு பக்கம், ரிலேயின் 30க்கும் 87க்கும் நடுவில், ஒவ்வொரு லக்கிலும் (ஒயர் நுனியில் அழுத்திய உலோக வளையம்). வோல்ட் எங்கே தொலைகிறதோ அங்கே நோய். சூடும் அங்கேதான் இருக்கும், விரலைப் பார்த்து வை. எர்த் பக்கத்தையும் விட்டுவிடாதே. லெஷர் பேட்டரியின் மைனஸிலிருந்து ஆல்டர்னேட்டர் பாடி வரை 0.2க்குள் இருக்க வேண்டும். பெயின்ட் மேல் முடுக்கிய போல்ட், துருப்பிடித்த எர்த் பட்டை, இரண்டும் உப்புக்காற்றில் நிற்கிற வண்டியில் சகஜம்.

எல்லா முனையும் சுத்தமாக இருந்தும் இழப்பு அதிகம் என்றால் ஒயரே ஒல்லி. ஐந்து மீட்டர் நீளம், 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்: 2.5 சதுர மி.மீ. ஒயரில் சுமார் 0.7 வோல்ட் போய்விடும், 6இல் 0.3, 10இல் 0.2க்கும் கீழே. 10 போட்டுவிடு, இரண்டு பக்கமும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸோடு. ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வாங்குவதாக இருந்தால் டிசி அளப்பதாகப் பார்த்து வாங்கு, மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் காட்டும்.

மூன்றாவது, லெஷரிலும் 14.2 வந்துவிட்டது என்றால் வழியில் குறையில்லை. பேட்டரியே போயிருக்கும், அல்லது ஏதோ ஒன்று ராத்திரியில் சார்ஜைத் தின்கிறது. முழு சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு 12.7 நிற்கிறதா பார். 10.5 பக்கம் விழுந்தால் ஒரு செல் காலி. மூடி திறக்கிற பேட்டரி என்றால், அமிலத்தின் அடர்த்தி பார்க்கிற ஹைட்ரோமீட்டரில் எல்லா செல்லும் 1.27 சுற்றி இருக்க வேண்டும், ஒன்று மட்டும் 0.05 குறைந்தாலே அது போய்விட்டது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் சார்ஜை நிறுத்திக் கதவைத் திற, பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

வெளி மின்சார சார்ஜரை மட்டும் நீ திறக்காதே, முரளி. உள்ளே 230 வோல்ட். அதன் வெளியீட்டில் 13.6லிருந்து 14.4க்குள் வருகிறதா என்று பேட்டரி முனையில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள். வரவில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடு. உன் தைரியம் எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சனிக்கிழமை அளந்துவிட்டு நான்கு எண்களை அனுப்பு: என்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியிலும் வோல்ட், பிளஸ் பக்க இழப்பு, எர்த் பக்க இழப்பு. ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்பதையும் சேர்த்து எழுது. ரிலேயாக இருந்தால் 70 ஆம்பியர் ஒன்று என்னிடம் புதிதாகவே இருக்கிறது, தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
கோபால்