“அதெல்லாம் எதுவும் போடலைங்க”: கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர்களுக்கும், மாஸ்டர்களுக்கும், பந்தி பரிமாறும் தம்பிகளுக்கும் வணக்கம்.

வரும் தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். சமையலுக்கு யாரைப் பேசலாம் என்று திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் பாண்டியிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டோம், ஒரே மாதிரி பதில் வந்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி இதுதான். என் அக்கா மகனுக்கு மல்லாட்டை (நிலக்கடலை), முந்திரி, பால் மூன்றும் அலர்ஜி. அது போக, கோதுமைப் புரதம் சிறுகுடலைக் கெடுக்கும் சீலியாக் நோயும் அவனுக்கு இருப்பதால் கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. அவன் பந்தியில் உட்கார்ந்தால் எதைச் சாப்பிடலாம்? வந்த பதில்: “கவலைப்படாதீங்கம்மா, அதெல்லாம் எதுவும் போடாம பண்ணிடலாம்.”

அன்பாகச் சொல்லும் பதில்தான், எங்களுக்குத்தான் பயன்படவில்லை. எதில் என்ன ஏற்கெனவே கலந்திருக்கிறது, எந்தக் கரண்டி எந்த வாளிக்குள் போய் வருகிறது என்று தெரியாமல் அவனை இலை முன்னால் உட்கார வைக்க முடியாது. அவனுக்கென்று தனிச் சமையல் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும், எதைத் தொடக்கூடாது என்று அவனே பார்த்துக்கொள்வான்.

பெருங்காயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாருமே நினைப்பதில்லை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம், கட்டியோ தூளோ, முழுக்கப் பெருங்காயம் கிடையாது. வேலம் பிசினும் மாவும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் மட்டும் அரிசி. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, மோர், ஊறுகாய் என்று இலையில் பாதிக்கு மேல் பெருங்காயம் விழுகிறது. “சோறுதானே சாப்பிடறார், கோதுமை எங்க வந்துச்சு?” என்று ஒரு மாஸ்டர் கேட்டார். இங்கேதான் வந்தது. நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் (கோதுமையில் இருக்கும் அந்தப் புரதம்) இருந்தாலே அதைக் ‘குளூட்டன் இல்லாத உணவு’ என்று விற்க முடியாது. அவ்வளவு சின்ன அளவைப் பற்றித்தான் பேசுகிறோம். அரிசி மாவு கலந்த டப்பாவாகப் பார்த்து வாங்கிவிட்டால் அன்றைக்குக் குழம்புக்கும் ரசத்துக்கும் இந்தக் கவலை போய்விடும். மற்ற ஆயிரம் பேருக்கு வித்தியாசமே தெரியாது.

சீலியாக் உள்ளவர் தெரியாமல் கோதுமை சாப்பிட்டால் முகம் வீங்காது, மூச்சு முட்டாது. சிறுகுடலின் உள்சுவர்தான் கெடும், அது வெளியே தெரியாது. ஆகவே “போன கல்யாணத்துல சாப்பிட்டாரே, ஒண்ணும் ஆகலையே” என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மல்லாட்டையும் முந்திரியும் அப்படியில்லை, ஆகாதவர்களுக்கு உடனே காட்டிவிடும். நம் மாவட்டத்தில் இரண்டும் விளைகிறது. விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையம் இரண்டிலும் புது ரகங்களே வெளியிடுகிறது, பண்ருட்டி முந்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே நம் சமையலில் கை தாராளம். பொங்கல், கேசரி, பாயசத்தில் முந்திரி கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம். வெள்ளைக் குருமாவில் அரைத்து ஊற்றியது தெரியாது. முந்திரி விலை ஏறினால் அந்த இடத்தில் மல்லாட்டையை அரைத்து விடுவதும் உண்டு, அதைச் சட்டினி கெட்டியாக வேண்டும் என்று சேர்ப்பதும் உண்டு. தப்பென்று சொல்லவில்லை, சொல்லிவிடுங்கள் என்கிறேன். புளியோதரையில் இருக்கும் மல்லாட்டையைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தால் சரியாகாது. அலர்ஜியைக் கிளப்பும் அதன் புரதம் எண்ணெயிலும் சோற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் அது அழிவதில்லை.

எண்ணெயிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கியிருக்கும். மரச்செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கலாம். இப்போது பல வீடுகளில் பெருமைக்காகச் செக்கு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள், நீங்களும் அதை மெனு அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். எங்களுக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

போன வருடம் ஒரு மண்டபத்தில், பெயர் வேண்டாம், “குருமால மல்லாட்டை இருக்கா?” என்று பரிமாறும் தம்பியிடம் அக்கா மகன் கேட்டான். “அதெல்லாம் எதுவும் போடலைங்க” என்றார் அவர். இல்லைதான். இருந்தது முந்திரி விழுது. உதடு தடித்துத் தொண்டை இறுகத் தொடங்கியதும் எழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபின் சரியானது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் குருமாவில் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரியாது என்று சொல்லவும் கூச்சம். உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்குத் “தெரியலைங்க, மாஸ்டரக் கேட்டுட்டு வரேன்” என்ற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படி மூச்சு முட்டினால் முதலில் வேண்டியது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. வெளிநாட்டில் நோயாளிகள் பையிலேயே வைத்திருக்கும் பேனா மாதிரியான ஊசி நம் ஊர் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. முகூர்த்த நாளில் தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டிக் கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். மண்டபத்தில் அப்படி யாருக்காவது ஆனால் மோர் கொடுத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பால் விஷயத்தில் உபசரிப்புதான் எமன். பருப்பு போட்டதும் கேட்காமலே மேலே நெய் விழுகிறது. இலையை மறைத்தால், “கொஞ்சமா சார், வாசனைக்கு” என்கிறார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் இரண்டு வகை உண்டு. வயிறு உப்புகிறவர்கள் கொஞ்சம் நெய்யையோ தயிரையோ தாங்குவார்கள். பால் புரதமே அலர்ஜியானவர்களுக்கு நெய்யும் ஆபத்து, அதில் புரதம் துளியளவு மிஞ்சியிருக்கும். ரசத்துக்கு நெய்யில் தாளிப்பது, அவியலில் தயிர், பொரியலில் கடைசியாக ஒரு கரண்டி நெய் எல்லாமே இதில் சேர்த்தி. ரசத்தை எண்ணெயில் தாளித்துவிட்டு நெய்யைத் தனிக் கிண்ணத்தில் கொண்டு வந்தால் யாருக்கும் குறையில்லை.

ரிசப்ஷன் கவுன்டர்களை நாங்களே தவிர்த்துவிடுவோம். கோபி மஞ்சூரியனில் மைதா, சோயா சாஸிலும் கோதுமை, வரவேற்பு பானம் பாதாம் பால். பேசிப் பயனில்லை. இறால் ஆகாத விருந்தாளி இருந்தால் மட்டும், மீன் வறுக்கும் எண்ணெயும் இறால் வறுக்கும் எண்ணெயும் ஒன்றா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பே மெனு பேசி முடித்துவிட்டு, காலை ஆறு மணிக்கு டிபன் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து “எங்க சம்பந்தி வீட்டுல ஒருத்தருக்குக் கோதுமை ஆகாது” என்று சொல்லும் கல்யாண வீட்டுக்காரர்கள்தான் அதிகம். கத்தரிக்காய் பிடிக்காதவரும் அலர்ஜி என்கிறார், டயட்டில் இருப்பவரும் அலர்ஜி என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பந்தியில் போய் ஜாங்கிரி சாப்பிடுகிறவரைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வராதா? வரத்தான் செய்யும். எது பிடிக்காது, எது உயிருக்கு ஆபத்து என்று பிரித்துச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே தாளில் எழுதித் தருகிறோம்.

சட்டமும் உங்களை இதில் பெரிதாக நெருக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள் பாக்கெட் உணவில் குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மர வகைக் கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட் (கெடாமலிருக்கச் சேர்ப்பது) ஆகியவற்றைத் தனியாக அச்சிடச் சொல்கின்றன. வாழை இலையில் பரிமாறுவதற்கு அப்படி லேபிள் ஏது? ஆனால் நீங்கள் வாங்கும் மசாலா, பெருங்காயம், சாஸ் பாக்கெட்டில் அது இருக்கிறது. கவரைக் கிழித்துக் குப்பையில் போடாமல் விருந்து முடியும்வரை ஒரு பையில் வைத்திருங்கள். யாராவது கேட்டால் பார்த்துச் சொல்லலாம். எள் அந்தப் பட்டியலில் இல்லை, அமெரிக்காவில் 2023 முதல் சேர்த்துவிட்டார்கள். எள் ஆகாதவர்கள் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டியதுதான்.

எங்கள் கல்யாணத்துக்கு நாங்கள் நினைத்து வைத்திருப்பது இவ்வளவே. வடையும் அப்பளமும் பொரித்த பிறகு பூரி போடுங்கள், முன்னால் வேண்டாம், கோதுமை எண்ணெயில் கலந்துவிடும். பந்தி தொடங்குமுன், கரண்டிகள் கலப்பதற்கு முன், சோறு, சாம்பார், ரசம், தேங்காய் போட்ட பொரியல் இவற்றில் அவன் பங்கை மூடி போட்ட தனிப் பாத்திரங்களில் எடுத்து வைத்துவிடுங்கள். எடுப்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்க வேண்டும், சானிடைசர் தடவினால் அலர்ஜிப் புரதம் போகாது. காலை இட்லி அவனுக்குப் பிரச்சினையில்லை. பாயசம் மட்டும் எல்லோருக்குமே பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பாலில் செய்து, முந்திரிக்குப் பதில் தேங்காய்ப் பல்லைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போட்டுவிடலாம். பந்தியில் அவனும் எல்லோரையும் போல அதைக் குடிப்பான், யாரும் அவன் இலையை எட்டிப் பார்த்து விசாரிக்க மாட்டார்கள். பால் பாயசம் இல்லையா என்று சம்பந்தி வீட்டில் கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

ஐப்பசிக்குள் மெனு பேச வருவோம், தாளும் கொண்டு வருவோம். பெருங்காயத்தில் என்ன மாவு என்று கேட்டதும் “பாக்கெட்டைப் பாத்துச் சொல்றேன், இருங்க” என்று எழுந்து போகிறவர் கையில் அன்றைக்கே அட்வான்ஸைக் கொடுத்துவிடுவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வண்டிப்பாளையத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரி