குதிரைக்கு லட்டு வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் எடுத்த படங்களை உங்கள் நாளிதழில் பார்த்தேன். ஒரு படத்தில், நெற்றியில் குஞ்சம் கட்டிய வெள்ளைக் குதிரைக்கு ஒரு சிறுவன் லட்டு ஊட்டுகிறான். படம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அடிவயிறு கலங்கிவிட்டது. போன தை மாதம் எங்கள் வீட்டுக் குதிரை ஒரு ராத்திரி முழுக்க மண்ணில் உருண்டது இதே மாதிரிப் பாசத்தால்தான்.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து அளந்து, இன்றைக்கும் கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் பழனி ஜட்கா வண்டிக்காரரின் மகள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்கு அப்பா சவாரி ஓட்டினார். எங்களுக்குச் சோறு வேகும் முன்னால் குதிரைக்குக் கொள்ளு வெந்துவிடும். ராத்திரியே மண் தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, ஆறவைத்து, வாய்ப்பையில் போட்டுக் கட்டுவார். சவாரி முடிந்து வந்த சூட்டில் கொள்ளுப் பையைக் காட்டவே மாட்டார். முதலில் நிழல், அப்புறம் தண்ணீர், அப்புறம் அறுகம்புல், கடைசியில்தான் கொள்ளு. இது ஏன் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகன் அந்தியூர் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கி வந்தான். நாலு காலும் வெள்ளை, நெற்றியில் வெள்ளைப் பட்டை, பஞ்சகல்யாணி என்று பெருமை. விலையைச் சொன்னால் என் பென்ஷனை நினைத்து நீங்கள் வருத்தப்படுவீர்கள். வாங்குகிறபோது கூடப் போன நான்கு பேரும் சுழி பார்த்தார்களாம். கழுத்தில் என்ன சுழி, நெஞ்சில் என்ன சுழி, அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "வயசு பார்க்க முன் பல்லப் பார்த்தோம்மா" என்றான். சரி.

வீட்டில் ஏற்கெனவே மூன்று கறவை மாடுகள். ஆகவே மாட்டுக்கு என்னவோ அதுதான் குதிரைக்கும். காலையில் கோ-4 என்கிற தீவனப் புல் நறுக்கியது, மத்தியானம் வைக்கோல், சாயங்காலம் ஒரு வாளி தவிடு. எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. "நல்லாத்தானே சாப்பிடுது" என்றான். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

தை மாதத்தில் பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பவளத்தைக் கேட்டார்கள் (குதிரையின் பெயர்). ஊர்வலம் முடிந்ததும் மண்டபத்து வாசலில் ஆளாளுக்கு ஊட்டியிருக்கிறார்கள். லட்டு, பூவன் பழம் ஒரு சீப்பு, மிஞ்சிய சர்க்கரைப் பொங்கல். போட்டோ எடுக்கத்தான். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்த குதிரை முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. மேல் உதட்டைச் சுருட்டியது. அப்புறம் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்து உருண்டது. கழுத்தெல்லாம் வேர்வை. மதியத்திலிருந்து லத்தி போடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நான் விலாவில் காதை வைத்துப் பார்த்தேன். நல்ல குதிரையின் வயிற்றில் கடகடவென்று தண்ணீர் உருளுகிற சத்தம் ஓயாமல் கேட்கும். சின்ன வயதில் விளையாட்டாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி மூங்கில் குழாயோடு ஓடி வந்தார். "அக்கா, நல்லெண்ணெயும் பெருங்காயமும் ஊத்துனா சரியாப் போயிருங்க" என்றார். நல்ல மனுஷர், மாட்டுக்கு அப்படித்தான் ஊற்றுவார். நான் குறுக்கே நின்றுவிட்டேன். வலியில் தவிக்கிற குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போகும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் போன் செய்த மருத்துவர், குதிரை பார்த்துப் பழக்கமில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், தெரியாததைத் தெரியாது என்றார். இரண்டாவதாகக் கிடைத்தவர் பன்னிரண்டரைக்கு வந்தார். அதுவரை நானும் மகனும் மாற்றி மாற்றி மெதுவாக நடத்திக்கொண்டே இருந்தோம்.

அவர் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணினார். நிமிடத்துக்கு 30, 40 இருக்க வேண்டியது 64 இருந்தது. வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு நீளக் குழாயை விட்டு, முதலில் உள்ளே இருந்து ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அதன்பிறகுதான் இரண்டு லிட்டருக்கு மேல் பாரபின் எண்ணெய் உள்ளே போனது. விடிவதற்குள் லத்தி விழாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டி சொல்லி வையுங்கள் என்றார்.

காத்திருந்த நேரத்தில் அவர் சொன்னதை எழுதுகிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அத்தனை பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். மாட்டுக்கு முன்னாலேயே பெரிய அசைவயிறு இருக்கிறது, போட்டதெல்லாம் முதலில் அங்கே நொதிக்கும். குதிரைக்குப் புல் நொதிக்கிற இடம் கடைசியில், பெருங்குடலில் இருக்கிறது. எனக்கு அது உடனே புரிந்தது. மாட்டுக்குச் சமையற்கட்டு முன்வாசலில், குதிரைக்குக் கொல்லைப்புறத்தில். மாவும் இனிப்பும் ஒரே நேரத்தில் மொத்தமாக உள்ளே போனால் சிறுகுடலால் சமாளிக்க முடியாமல் மிச்சம் கொல்லைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது புளித்து அமிலமாகி, புல்லைச் செரிக்க வைக்கிற கிருமிகளையே கொன்றுவிடுகிறது. வயிறு உப்புவதும் வலிப்பதும் அதனால்தான்.

நாலேகால் மணிக்கு லத்தி விழுந்தது. அதைப் பார்த்து என் மகன் அழுதான். நானும்தான்.

போகும்போது மருத்துவர், மூன்று நாளைக்குக் குளம்பைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள் என்றார். இப்படி வயிறு கெட்ட பிறகு குளம்புக்குள் இருக்கிற சதை வீங்குமாம். குளம்பு சுடும், அதற்கு மேலே கணுவில் நாடி தெறிக்கும், குதிரை முன்னங்காலை முன்னால் நீட்டிப் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். முற்றினால் உள்ளே எலும்பே திரும்பிவிடும், பிறகு அந்தக் குதிரை நடப்பதே கஷ்டம். பவளத்துக்கு அது வரவில்லை.

கிளம்புகிற நேரத்தில் டார்ச்சை அதன் முகத்தில் அடித்து, "இது எப்போதிருந்தும்மா இப்படி இருக்கு?" என்று கேட்டார். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. தினமும் பார்க்கிற எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக மெல்ல மெல்ல மென்று தின்றதையும், ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று விந்தியதையும் அப்புறம்தான் சேர்த்து யோசித்தோம்.

காரணம் அந்த ஒரு வாளி தவிடும் கோ-4 புல்லும்தான். தவிட்டில் பாஸ்பரஸ், உரக்கடையில் மணிச்சத்து என்பார்களே அது, சுண்ணாம்புச் சத்தைவிடப் பல மடங்கு இருக்கிறது. குதிரைக்குச் சுண்ணாம்பு மணிச்சத்துக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. கோ-4 மாதிரியான நேப்பியர் புற்களில் ஆக்சலேட் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போகிற கொஞ்சநஞ்சச் சுண்ணாம்பையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் அசைவயிற்றில் இருக்கும் கிருமிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடுவதால் மாட்டுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. குதிரை சுண்ணாம்பை உறிஞ்சுவது சிறுகுடலில், கிருமிகள் இருப்பது அதற்கும் பின்னால். ரத்தத்தில் சுண்ணாம்பு குறையும்போது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது. எலும்பு இருந்த இடத்தில் நார் வளர்ந்து முகம் உப்புகிறது. ஒரே தொட்டியில் மூன்று மாடு பால் கொடுத்துக்கொண்டு நன்றாக இருந்தது, குதிரைக்கு மட்டும் எலும்பு கரைந்துகொண்டிருந்தது.

இதற்குச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது, அதன் பெயரிலேயே குதிரையும் இருக்கிறது: குதிரை மசால். சுண்ணாம்புச் சத்து நிறைந்த பயிர். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் போடுகிறார்கள். நான் ஐந்து சென்ட்டில் விதைத்தேன்.

அப்புறம் என் பழைய உத்தியோகம் ஞாபகத்துக்கு வந்து, அளந்து போடுவோம் என்று உட்கார்ந்தேன். அளக்க முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும், எங்கள் ஊரில் குதிரை ஏறுகிற தராசு ஏது? மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறத்தாழ வரும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சென்டிமீட்டரில். என் தையல் டேப் 150-லேயே முடிந்துபோனது. சணல் கயிற்றைச் சுற்றி, அதைத் தரையில் நீட்டி அளந்தேன். சுற்று 155, நீளம் 145. எடை 293 கிலோ.

காய்ந்த கணக்கில் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தீனி வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 6 கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதைக் கழித்துப் பார்த்து, நாளைக்கு அறுகம்புல் 15 கிலோ, குதிரை மசால் 5 கிலோ, வேகவைத்த கொள்ளு (ஊறப்போடும் முன் எடை) 1 கிலோ என்று வைத்தேன். மருத்துவர் பார்த்துச் சரி என்றார். தாது உப்பும், சாதா உப்பு ஒரு கைப்பிடியும் உண்டு. கொள்ளை மூன்று வேளையாகப் பிரித்துத்தான் போடுகிறோம், புல் முன்னால் போன பிறகு. தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கும், வெயில் நாளில் 30 லிட்டருக்கு மேல் குடிக்கிறது. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முகத்துப் புடைப்பு முழுதும் வற்றவில்லை, வற்றாது என்றும் சொல்லிவிட்டார்கள். விந்தல் நின்றுவிட்டது.

கடைவாய்ப் பல் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அரைத்து அரைத்து ஓரங்கள் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினாலோ, லத்தியில் கொள்ளு முழுசாக வந்தாலோ வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அரத்தால் ராவிவிட்டால் போதும். தடுப்பூசியில் தனுர்வாதத்துக்கு (டெட்டனஸ்) போடுவதை மறக்கவே கூடாது, அந்த நோய் குதிரையைப் போல வேறு வளர்ப்புப் பிராணியைத் தாக்குவதில்லை. ஒரு லாட ஆணி தப்பாக இறங்கினால் போதும்.

இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழியும் மாடும் தாங்கும் அளவு குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிற நமக்குக் கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது. மூட்டை மிஞ்சியது என்று குதிரைக்குக் கொட்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தியூர் சந்தையில் சேணம், கடிவாளம், சலங்கை, குஞ்சம் எல்லாம் விற்கிறார்கள். வாங்கின குதிரைக்கு நாளைக் காலையில் என்ன போடுவது என்று சொல்ல ஒரு பந்தல் இல்லை. முன்னே இது ஜட்காக்காரர்களுக்கு அப்பன் பாட்டன் வழியாகத் தெரிந்திருந்தது. இப்போது குதிரை வாங்குகிற பையன்கள் போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். அடுத்த ஆடிக்குக் குதிரை பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரைச் சந்தையில் உட்கார வைக்க யாராவது ஏற்பாடு செய்தால், ஒரு டேபிளும் என் சணல் கயிறும் நான் கொண்டுவருகிறேன். நீங்களும் சந்தைப் படங்களோடு ஒரு சின்னக் கட்டம் போட்டு, இரவில் குதிரை பார்க்க வருகிற மருத்துவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்று விசாரித்து வெளியிடுங்கள். எனக்கு அன்றைக்கு அதைத் தேடவே இரண்டு மணி நேரம் ஆனது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
பவானி வட்டம், ஈரோடு மாவட்டம்.